ஜட்ஜுக்கு ஒரு குற்றம் வேண்டும்

ஏழு வருடத்தில் ஒரு முறைகூட வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகாத நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று லிப்ட்காரருக்குத் தெரியவில்லை.

லிப்ட் பராமரிப்பதுதான் அவர் தொழில். நாய் அவருடையது அல்ல, அக்காவுடையது. அக்கா நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து ஜட்ஜ் என்று பெயர் வைத்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் ஜட்ஜ் உள்ள வந்தா நான் எழுந்து நின்னேன். இனிமே நான் உள்ள வந்தா ஜட்ஜ் எழுந்து நிக்கட்டும்."

பெயருக்கேற்ற முகம் தானாக வந்து சேர்ந்தது. நீண்ட தாடை, தொங்கும் காது, இரண்டு தரப்பையும் முழுசாகக் கேட்டுவிட்டு எதையும் நம்பாத பார்வை.

நாயை வீட்டொழுக்கத்துக்குப் பழக்குவது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். குட்டி மூன்று நேரங்களில் கட்டாயம் போகும்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடிக் களைத்ததும். அந்த மூன்று நேரமும் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஒரே இடத்துக்கு ஓட வேண்டும். நாய்க்கு மூக்குதான் பெயர்ப்பலகை படிக்கும் கண். நேற்றைய வாசனை இன்றைக்கு வழி சொல்லும். முடித்தவுடன் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் பாராட்டிவிட வேண்டும். மூன்று எண்ணிவிட்டால் பாராட்டு வேறு எதற்கோ என்று அது நினைத்துக்கொள்ளும். உள்ளே தவறிப்போனால் மட்டும் திட்டவே கூடாது. திட்டினால் 'உள்ளே போகக் கூடாது' என்று நாய் கற்றுக்கொள்ளாது. 'இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது' என்றுதான் கற்றுக்கொள்ளும்.

அக்கா இதோடு ஒரு மணியையும் சேர்த்தார். வாசற்கதவின் கைப்பிடியில், நாயின் மூக்குக்கு எட்டும் உயரத்தில், கயிற்றில் ஒரு சின்ன மணி. ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் குட்டியின் காலைப் பிடித்து மணியைத் தட்டவைத்து, பிறகு கதவைத் திறப்பார். பதினோராம் நாள் ஜட்ஜ் தானே போய் மணியை அடித்தது. அதிலிருந்து ஏழு வருடம், அந்த வீட்டில் கதவுதான் திறந்ததே தவிர, துடைப்பம் ஈரமானதில்லை.

பிறகு அக்கா மாடிப்படியில் வழுக்கினார். இடுப்பெலும்பு இரண்டாக உடைந்தது. அறுவை சிகிச்சை, அதன்பின் மறுவாழ்வு வார்டு, நடைப்பயிற்சி என்று நான்கைந்து மாதம் ஆகும் என்றார்கள். அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னது இதுதான்:

"டேய், இடுப்பு போனாப் போகட்டும். நான் திரும்பி வர்றப்போ ஜட்ஜ் வாசல்ல நிக்கணும். புரியுதா?"

"நிப்பான்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்று மாலையே ஜட்ஜ், ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு மணி ஆகியவை லிப்ட்காரரின் ஐந்தாம் மாடி வீட்டுக்கு இடம் மாறின. மணியைக் கதவில் கட்டிய அரைமணி நேரத்தில் ஜட்ஜ் அதை அடித்தது. அவர் திறந்தார். இருவரும் கீழே போய்வந்தார்கள். தனி ஆளாக வாழ்ந்து பழகிய லிப்ட்காரருக்கு, வீட்டில் ஒருவர் முறையாகச் சொல்லிவிட்டு வெளியே போவது பிடித்திருந்தது.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அனுப்பியது வளர்ப்புப் பிராணிகள் வீட்டொழுக்கச் சான்று அலுவலகம்.

*

"மேடம், இந்த நாய்க்கு ஏற்கெனவே சான்று இருக்கு" என்று அக்காவின் பழைய சான்றிதழை நீட்டினார் லிப்ட்காரர்.

கவுண்டர் அம்மா அதைத் தொடாமலே பார்த்தார். வயது நாற்பதுக்கு மேல். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற ரகம்.

"இது அந்த வீட்டுக்கு சார்."

"நாய் அதே நாய்தானே?"

"நாய் அதே நாய்தான். வீடு வேற வீடு. சான்று வீட்டுக்குத்தான், நாய்க்கு இல்ல. நாய் வரும், போகும், ஓடும். வீடு ஒரே இடத்துல நிக்கும். கோப்புன்னு ஒண்ணை எதுக்கு மேல வைக்க முடியும் சொல்லுங்க? நிக்கிறதுக்கு மேலதான். நாய் வெளியேறின அன்னைக்கே அந்த வீட்டுச் சான்று காலாவதி."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக லிப்ட்காரருக்குத் தோன்றியது. அதுதான் அந்த அலுவலகத்தின் பலம். அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு நியாயம் இருந்தது. எல்லா வாக்கியங்களையும் ஒன்றுசேர்த்தால்தான் தலை சுற்றியது.

நடைமுறை எளிமையானது. ஆறு வாரத்துக்கு ஒரு பதிவேடு தருவார்கள். வீட்டுக்குள் எத்தனை முறை 'நிகழ்வு' நடந்தது என்று வாராவாரம் எழுத வேண்டும். ஆறாம் வார முடிவில் ஒழுக்க அலுவலர் பார்த்துச் சான்று தருவார். தராவிட்டால் நாய் ஊருக்கு வெளியே உள்ள மறுபயிற்சி இல்லத்துக்குப் போகும். அங்கே முழுக்கச் சிமெண்டுத் தரை, கம்பிக் கூண்டு. உள்ளே என்பதும் இல்லை, வெளியே என்பதும் இல்லை. ஆகவே அங்கே போன நாய் எதையும் நிரூபிக்க வழியில்லை.

"அங்கேருந்து திரும்பி வந்த நாய் எத்தனை மேடம்?"

கவுண்டர் அம்மா ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டினார். "அதுக்குன்னு தனியா ஒரு கட்டம் இருக்கு சார்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "காலியா இருக்கு" என்றார்.

*

லிப்ட்காரர் ஆறு வாரமும் நேர்மையாக எழுதினார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஆறாம் பூஜ்யத்தைப் போட்டபோது மனசுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

ஒழுக்க அலுவலர் பதிவேட்டைப் பார்த்தார். அப்புறம் ஜட்ஜைப் பார்த்தார். அவர் அறையின் நான்கு சுவர்களிலும் வரைபடங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. எல்லாக் கோடுகளும் இடது மேல் மூலையில் கிளம்பி வலது கீழ் மூலையில் இறங்கின. சறுக்குமரம் நிறைந்த பூங்காவுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"என்னங்க இது?"

"ஒரு தடவைகூட உள்ள போகல சார்."

"அதைத்தான் கேக்கிறேன். ஆறு வாரமும் பூஜ்யம்னா, பயிற்சி எங்க நடந்துச்சு?"

"பயிற்சி ஏழு வருஷத்துக்கு முன்னாடியே—"

"அது வேற வீடு." அலுவலர் ஒரு காகிதத்தை இழுத்துக் கோடு ஒன்றைப் போட்டார். "இதோ பாருங்க. ஒன்பதுல ஆரம்பிச்சு பூஜ்யத்துல முடியுது. இதுக்குப் பேரு முன்னேற்றம். உங்க கோடு பூஜ்யத்துல ஆரம்பிச்சு பூஜ்யத்துல முடியுது. படுத்துக் கிடக்கு. ஆஸ்பத்திரியில ஒரு ஆளுக்கு இப்படிக் கோடு வந்தா என்ன அர்த்தம்?"

லிப்ட்காரருக்கு அக்காவின் படுக்கைக்கு மேல் இதயத்துடிப்பு ஓடிய திரை ஞாபகம் வந்தது.

"எங்க வேலையில பூஜ்யம்னாதான் சார் நல்லது. லிப்ட்ல விபத்துக் கட்டம் காலியா இருந்தா, நல்லாப் பாத்துக்கிறான்னு சொல்வாங்க."

"அதனாலதான் உங்க வேலையை யாரும் கவனிக்கிறதில்ல" என்றார் அலுவலர் பரிவோடு. "நான் இங்க பதினோரு வருஷமா இருக்கேன். கெட்ட நாயை நல்ல நாயாக்க எங்களுக்குத் தெரியும். நல்ல நாயை வெச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய முடியும்? ஊர்ல எல்லா நாயும் உங்க நாய் மாதிரி இருந்துச்சுன்னா, இந்தக் கட்டடம் எதுக்கு? இந்த மேசை எதுக்கு? நான் எதுக்கு?"

ஜட்ஜ் அலுவலரை உற்றுப் பார்த்தது. பதில் அதற்குத் தெரிந்தது போலத்தான் இருந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. உங்க நாய்க்கு மட்டும் சறுக்காதா? சரி, மாதிரி வீட்டுல ஒரு வாய்ப்புக் குடுத்துப் பாப்போம்."

மாதிரி வீடு என்பது அலுவலகக் கூடத்தின் நடுவே போடப்பட்ட ஒரு கம்பளம், ஒரு பழைய சோபா, துணியில் வரைந்த ஒரு ஜன்னல், பலகையில் வரைந்த ஒரு கதவு. சந்தேகத்துக்குரிய நாய்களை அங்கே நாற்பது நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். பதினோரு வருடமாக ஊரிலுள்ள நாய்களெல்லாம் அந்தக் கம்பளத்தில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தன. மூக்குள்ள எந்த நாய்க்கும் அது வீடு என்று தோன்றாது. தெருவிளக்குக் கம்பத்தின் படுத்த வடிவம் என்றுதான் தோன்றும்.

ஜட்ஜ் அதில் ஒரு சுற்று நடந்தது. முகத்தைச் சுளித்தது. வரைந்த கதவிடம் போய் மணியைத் தேடியது. மணி இல்லை. சுற்றிலும் பார்த்தது. கவுண்டர் மேசை மேல், அடுத்த டோக்கனை அழைப்பதற்காக வைத்திருந்த பித்தளை மணி கண்ணில் பட்டது. நேராகப் போய்ப் பின்னங்காலில் எழுந்து முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டியது.

"நாப்பத்தி ரெண்டு!" என்று தலை நிமிராமல் கூவினார் கவுண்டர் அம்மா.

நாற்பத்திரண்டு எழுந்து வந்தது. கதவு திறக்கவில்லையே என்று ஜட்ஜ் மறுபடி தட்டியது. நாற்பத்து மூன்றும் வந்தது. நாற்பத்தேழாவது ஆள் வரிசைக்கு வந்தபோதுதான் கவுண்டர் அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அந்த அலுவலகத்தில் ஐந்து நிமிடத்தில் ஆறு பேர் கவனிக்கப்பட்டது அதுவே முதல் முறை என்று பெஞ்சில் இருந்த ஒருவர் கண் கலங்கச் சொன்னார்.

பதிவேட்டில் எழுதியது வேறு: 'நாய் நிகழ்வில் ஈடுபட மறுத்தது. அலுவலகப் பணியை விரைவுபடுத்திக் குந்தகம் விளைவித்தது.' மூன்று வாரக் கெடு. அதற்குள் வீட்டில் முன்னேற்றம் தெரிய வேண்டும். முன்னேற்றம் தெரிய, முதலில் ஏதாவது கெட்டுப்போக வேண்டும்.

*

லிப்ட்காரர் ஜட்ஜைக் கெடுக்க முயன்றார்.

முதலில் மணியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். காலையில் வெளியே கூட்டிப்போகவில்லை. தட்டு நிறையத் தண்ணீர் வைத்தார். ஜட்ஜ் மரியாதைக்காகக் குடித்தது. பிறகு, கதவில் மணி இருந்த இடத்தை மூக்கால் தொட்டுவிட்டு உட்கார்ந்தது. எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. அவர் வேலைக்குப் போகாமல் சோபாவில் அமர்ந்து நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லிப்டின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மின்சாரம் வந்தால் பிரேக் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். நேர்மாறானது. மின்சாரம்தான் பிரேக்கைத் திறந்து வைத்திருக்கிறது. மின்சாரம் போன கணத்தில், யாரும் சொல்லாமலே, சுருள்வில் தானாக அழுத்திக்கொள்ளும். அதனால்தான் பாதி வழியில் விளக்கணைந்தாலும் லிப்ட் விழுவதில்லை. நம்பிக்கை போனபிறகும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் நல்ல பிரேக்கின் இலக்கணம்.

ஜட்ஜ் பிடித்துக்கொண்டிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அதன் பின்னங்கால் லேசாக நடுங்கியது. லிப்ட்காரர் எழுந்து, "போதும்டா சாமி, மன்னிச்சுக்கோ" என்று கதவைத் திறந்தார். கீழே, வழக்கமான மரத்தடியில், அது நெடுநேரம் நின்றது. முடிந்ததும் அவர் இரண்டு எண்ணுவதற்குள் பாராட்டினார். அன்று மாலையே மணியை மறுபடி கட்டினார்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் அவர் மூன்று வாரத்துக்கும் சேர்த்துப் பொய் எழுதினார். ஒன்பது, ஐந்து, இரண்டு. வாழ்க்கையில் எந்த லிப்டைப் பற்றியும் இப்படி எழுதியதில்லை. தரையின் ஒரு மூலையில் ஆதாரத்துக்குக் கொஞ்சம் ஆறின தேநீரையும் ஊற்றி உலரவிட்டார்.

கள ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர்; பையிலிருந்து ஊதா விளக்கு ஒன்றை எடுத்தார். இருட்டில் அந்த விளக்கைப் பிடித்தால், கழுவித் துடைத்த பின்னும், நிகழ்வு நடந்த இடம் வெளிறிய மஞ்சளாக ஒளிரும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு முழங்காலில் தவழ்ந்து வீடு முழுக்கத் தேடினார். ஜட்ஜ் கூடவே நடந்து, அவர் பார்க்காமல் விட்ட இடங்களை முகர்ந்து காட்டியது.

"சுத்தமா இருக்கு" என்றார் ஆய்வாளர், துக்கம் விசாரிக்கிற குரலில். பிறகு மூலைக்குப் போய் மூக்கை வைத்தார். "இது தேயிலை."

லிப்ட்காரர் தேநீர்த் தம்ளரைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினார்.

"இருபது வருஷமா மோந்து பாக்கிறேன் சார். இது ரெண்டாவது கொதி." விளக்கை அணைத்துவிட்டு அருகே உட்கார்ந்தார். "பொய்க் கணக்கு எழுதுறதை நாங்க குத்தமா எடுத்துக்கிறதில்ல. எல்லாரும் எழுதுறாங்க. நானே எழுதறேன். ஆனா பொய்க்கு ஒரு கறையாவது ஆதாரம் வேணும் இல்லையா? ஆதாரமே இல்லாத பொய்யை வெச்சுக்கிட்டு நான் எப்படி உண்மைன்னு கையெழுத்துப் போடுவேன்? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். தரையிலேருந்து ஒரு மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும். இல்லேன்னா வண்டி பதினொரு மணிக்கு வரும்."

"எந்த வண்டி?"

"கூண்டு வெச்ச வண்டி."

வேறு நாயிடம் கடன் கேட்கலாம் என்றால் அந்தக் கட்டடத்தில் வேறு நாய் இல்லை. இருந்த மூன்றும் நல்ல நாய்கள். போன வருடமே இல்லத்துக்குப் போய்விட்டன. கடைசி வழியாக வியாழக்கிழமை காலை, கீழே மரத்தடியில், நீளக் கைப்பிடி போட்ட குழம்புக் கரண்டியோடு ஜட்ஜின் பின்னால் பதுங்கி நின்றார். வெளியே பிடித்து உள்ளே ஊற்றிவிடலாம் என்பது திட்டம்.

ஜட்ஜ் காலைத் தூக்கியது. கரண்டி நீண்டது. ஜட்ஜ் கரண்டியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, காலை இறக்கியது. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. நான்கு மரம் மாறியும் அதே தீர்ப்புதான். மூன்றாம் மாடி அம்மாள் பால்கனியிலிருந்து, "என்ன அண்ணே, டிபன் ஆச்சா?" என்று கேட்டார். லிப்ட்காரர் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மேலே வந்தார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஜட்ஜ் மணியை அடித்தது. ஈரத் தலையோடு, கரண்டியில்லாமல், மறுபடி கீழே கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

*

அன்று பிற்பகல் வார்டுக்குப் போனார். அக்கா இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் பயிற்சியாளர் பெண், "பிரமாதம்மா!" என்றார். இரண்டு எண்ணுவதற்குள் சொல்லிவிட்டார்.

"ஜட்ஜ் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்க்கா."

"மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு? உள்ள ஏதாவது பண்ணிட்டானா?"

"பண்ண மாட்டேங்கிறான்க்கா. அதான் பிரச்சினை."

முழுதும் சொன்னார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடுப்பு வலித்ததும் நிறுத்தினார்.

"அந்த மணி ஐடியா எங்கேருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாது."

"ஒன்பது வயசு வரைக்கும் படுக்கையை நனைச்சவன் நீ. அம்மா அடிச்சுப் பாத்தா, கெஞ்சிப் பாத்தா. நான்தான் உன் கட்டில்ல ஒரு மணியைக் கட்டி விட்டேன். முட்டிக்கிட்டு வந்தா அடிடா, அக்கா எழுந்து கூட்டிட்டுப் போறேன்னேன். பன்னெண்டு நாள் ஆச்சு. ஜட்ஜுக்குப் பதினொண்ணு." அக்கா மூச்சு வாங்கினார். "உன்னைப் பழக்கினதுக்கு அப்புறம் நாயெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லடா."

பிறகு சிரிப்பு அடங்கி, கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இங்க ஒவ்வொரு அடி வைக்கிறப்பவும் அவன் கதவுகிட்ட நிக்கிறான்னு நெனச்சுக்கிட்டுத்தான் வைக்கிறேன். கூண்டு வண்டி கிண்டின்னு வந்து சொல்லிடாதே."

*

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. வெயில் கூடத்துத் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. ஆய்வாளர் வர இரண்டு மணி நேரம்.

லிப்ட்காரர் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு சோபாவின் பின்மூலையில் போய் நின்றார். ஐம்பத்தாறு வயது. இருபத்தொன்பது வருடம் ஒரு லிப்டும் விழாமல் பார்த்துக்கொண்ட கை. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பது பழமொழி. நாய் செய்யாததை நாய்க்காக மனிதன் செய்ய வேண்டிவந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழமொழி இல்லை.

ஜட்ஜ் பாயிலிருந்து தலையைத் தூக்கியது. அவர் நிற்கும் இடத்தைப் பார்த்தது. அவருடைய கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தது. எழுந்தது. வேகமாகக் கதவுக்குப் போய் மணியை அடித்தது.

"தெரியும்டா" என்றார் லிப்ட்காரர். "வெளியதான் போகணும். எனக்கும் தெரியும்."

ஜட்ஜ் மறுபடி அடித்தது. அவசரமாக மூன்று தடவை. அவர் அசையவில்லை. ஜட்ஜ் ஓடிவந்து அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு போய்க் கதவருகே போட்டுவிட்டு மறுபடி மணியை அடித்தது. பிறகு, நேரம் கடந்துவிட்டது என்று அதற்குப் புரிந்தது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முடிந்தபின் திட்டு விழும் என்று அவர் உண்மையிலேயே எதிர்பார்த்தார். ஜட்ஜ் குரைக்கவில்லை. மெதுவாக வந்து, ஒரு முறை முகர்ந்துவிட்டு, அவர் காலடியில் சாய்ந்து உட்கார்ந்தது. அக்கா பழக்கிய நாய். தவறிப்போனவரைத் திட்டக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

பத்து மணிக்கு ஊதா விளக்கு மூலையில் விழுந்ததும் தரை ஒளிர்ந்தது. ஆய்வாளரின் முகமும் ஒளிர்ந்தது. "பாத்தீங்களா! மனசு வெச்சா முடியாததுன்னு ஒண்ணு உண்டா?" என்று சொல்லிக்கொண்டே மாதிரியைப் புட்டியில் எடுத்தார். குனிந்து ஜட்ஜின் தலையைத் தட்டிக்கொடுத்தார். ஜட்ஜ் தலையை விலக்கிக்கொண்டது. பதினொரு மணிக்கு வண்டி வரவில்லை.

*

ஆய்வுக்கூட அறிக்கையை ஒழுக்க அலுவலர் உரக்கப் படித்தார். கவுண்டர் அம்மா பக்கத்தில் கோப்போடு நின்றார்.

"'மாதிரி நாயினுடையது அல்ல. மனிதர். ஆண். ஐம்பது வயதுக்கு மேல். சர்க்கரை லேசாக எட்டிப்பார்க்கிறது.'"

லிப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வண்டியின் கூண்டுக் கதவு திறக்கும் சத்தம்கூட அவருக்குக் கேட்டுவிட்டது. கண்ணைத் திறந்தபோது அலுவலர் மேசையைச் சுற்றி வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷத்துல இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைச்சதில்ல! கோப்பு யாருடையது? வீட்டோடது. அந்த வீட்டுல நிகழ்வு நடந்துச்சா? நடந்துச்சு. யார் பண்ணாங்கன்னு கோப்பு கேக்கிறதில்ல. வீட்டொழுக்கம் கெட்டிருக்கு, அதைச் சரிபண்ண நாங்க இருக்கோம். இது நாய்னு நெனச்சு நாங்கதான் தப்புப் பண்ணிட்டோம். பயிற்சி தேவைப்படுறது நீங்க!"

"சார், நான் ஒரே ஒரு தடவைதான்—"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வெக்கப்படாதீங்க. ஆறு வாரம். ஒன்பதுல ஆரம்பிங்க, மெல்ல மெல்லக் கொறைங்க. ஒரேயடியா நிறுத்திடாதீங்க, அது உடம்புக்கும் நல்லதில்ல, கோட்டுக்கும் நல்லதில்ல."

"அந்த நாய் சார்?"

"நாயா? அது இனிமே இந்தக் கோப்புல இல்லையே. இல்லத்துக்கு அனுப்பிடலாம்."

கவுண்டர் அம்மா தொண்டையைச் செருமினார். "சார், பயிற்சியாளர் கட்டம் காலியா இருக்கு. காலியா இருந்தா கோப்பு மேல போகாது."

"யாரையாவது போடுங்க."

"விதிப்படி அதே முகவரியில வசிக்கணும் சார். அஞ்சு வருஷமாவது தவறில்லாத முன்னனுபவம் வேணும். அந்த வீட்டுல அப்படி ஒருத்தர்தான் இருக்காரு." அவர் பேனாவால் கீழே காட்டினார்.

அலுவலர் குனிந்து ஜட்ஜைப் பார்த்தார். இவ்வளவு தகுதியுள்ள முகத்தை அவர் தம் அலுவலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை என்பது தெரிந்தது.

"போடுங்க" என்றார். "பயிற்சி முடியுற வரைக்கும் பயிற்சியாளரை யாரும் இடம் மாத்தக் கூடாதுன்னும் எழுதிடுங்க."

கவுண்டர் அம்மா எழுதினார். எழுதி முடித்துவிட்டு, ஒரு கணம், ஒரே ஒரு கணம், லிப்ட்காரரை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆறு திங்கட்கிழமைகள் லிப்ட்காரர் பதிவேட்டோடு போனார். ஒருமுறை விளக்கில் ஒளிர்ந்த வீட்டை அலுவலகம் அதன்பின் சந்தேகிப்பதில்லை, எண்களே போதும். ஒன்பது. ஏழு. ஐந்து. மூன்று. ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், மணி அடித்ததும் எழுந்து போய் நீட்டுவார். "நல்ல முன்னேற்றம் சார்" என்பார் கவுண்டர் அம்மா, இரண்டு எண்ணுவதற்குள். அந்த ஒரு நொடியில் தனக்கு உள்ளுக்குள் இதமாக இருப்பதை உணர்ந்து லிப்ட்காரர் வெட்கப்பட்டார். ஆறாம் வாரம் பூஜ்யம். அலுவலர் அந்தக் கோட்டுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

*

அதே வாரம் அக்கா ஊன்றுகோலோடு தன் வீட்டு வாசலில் இறங்கியபோது ஜட்ஜ் நின்றுகொண்டிருந்தது. எழுந்து நின்றது என்றே சொல்ல வேண்டும். முகம் தீர்ப்பு சொல்கிற முகம்தான். வால் மட்டும் நீதிமன்ற அவமதிப்பு செய்துகொண்டிருந்தது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மணியைக் கதவில் கட்டியாயிற்று. அக்கா தனியாக நடமாடும் வரை ஒரு மாதம் கூட இருப்பதென்று லிப்ட்காரரும் பெட்டியோடு வந்திருந்தார்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தட்டச்சுப் பிழை தேடும் பழக்கத்தில், நிதானமாகப் படித்தார்.

"'தங்கள் முகவரிக்குப் புதிதாக வந்துள்ள உயிர்கள் இரண்டு. ஒன்று, நாய். இரண்டு, வேறொரு முகவரியில் அண்மையில் பயிற்சி முடித்த ஆண், வயது ஐம்பத்தாறு. இருவருக்கும் தனித்தனிப் பதிவேடு இணைக்கப்பட்டுள்ளது.'" தாளைத் திருப்பிப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை. "எத்தனையில ஆரம்பிக்கணும்?"

"ஒன்பதுலக்கா" என்றார் லிப்ட்காரர்.

அக்கா பதிவேடுகளை மடியில் வைத்துக்கொண்டு தம்பியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"உன்னை ஒரு தடவை பழக்கியாச்சு. இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை என்னால முடியாதுடா."

ஜட்ஜ் பாயிலிருந்து எழுந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கொட்டாவி விட்டது. பிறகு லிப்ட்காரரின் செருப்பைக் கவ்விக் கொண்டுபோய்க் கதவருகே போட்டுவிட்டு, மணியை அடித்தது.